மண்ணுக்குள் இருக்க வேண்டிய பாதி

எங்கள் பகுதியில் கல் விளைவதில்லை. ஆற்று வண்டலும் கடல் மணலும் மாறி மாறிப் படிந்த நிலம் இது. கிணறு தோண்டினால் களிமண் வரும். அதற்குக் கீழே சிப்பி வரும். அதற்கும் கீழே உவர்நீர் வரும். கல் வராது. அம்மியும் ஆட்டுக்கல்லும் கோயில் படிக்கட்டும் வெளியூரிலிருந்து வண்டியேறி வந்தவை. ஆகையால் ஆளரவமற்ற இடத்தில் ஒரு கல் தனியே நிற்குமானால், யாரோ ஒருவர் ஏதோ ஒரு காரணத்துக்காக அதைச் சுமந்து வந்து நட்டிருக்கிறார் என்பது உறுதி. மலைநாட்டில் பிறந்தவர்களுக்குக் கல் வெறும் கல்லாக இருக்கலாம். எங்களுக்கு அது ஒருவருடைய வருகை.

எழுபதுகளின் நடுப்பகுதியில் நான் காரைக்கால் நகரத்து அச்சகம் ஒன்றில் எழுத்துக் கோத்துக்கொண்டிருந்தேன். பள்ளிப் படிப்பு பாதியில் நின்றவன். பிறர் எழுதியதை ஈய எழுத்துகளில் அடுக்கி அடுக்கியே வாசிக்கக் கற்றவன். அருகிலிருந்த பூவம் என்னும் ஊரின் வட ஓரத்தில், தகப்பனார் விட்டுச் சென்ற சிறு மனையில் ஓட்டு வீடு ஒன்று எழுப்பிக் குடியிருந்தோம். நானும், என் மனைவியும், கணவரை இழந்து எங்களோடு வந்துவிட்ட என் அக்காவுமாக மூவர்.

வீட்டுக்கு முன்புறம் வாய்க்கால் வரப்பு. அதன் வழியே நெடுந்தூரம் சுற்றித்தான் தார்ச்சாலையை அடைய வேண்டும். பின்புறமாக நேரே சென்றால் சாலை அருகில்தான். பேருந்தின் ஹாரன் ஒலி எங்கள் சமையற்கட்டில் கேட்கும். ஆனால் இடையில் காடு. தாழையும் ஈச்சையும் கருவையும் ஒன்றையொன்று பின்னிக்கொண்டு, உச்சி வெயிலிலும் உள்ளே அந்திபோல் மங்கியிருக்கும். ஆடு மேய்ப்பவர்களும் அதற்குள் ஆட்டை விடுவதில்லை. பாம்புக்கு அஞ்சி என்று சொல்வார்கள். சொல்லும்போது முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொள்வார்கள்.

என் மனைவிக்கு அதற்கு முன் ஒரு பிள்ளை நிறைமாதத்தில் தவறியிருந்தது. அடைமழையில் வரப்புப் பாதை கரைந்து கிடந்தது. வலி கண்டவளை ஏற்றிச் சென்ற மாட்டுவண்டி நடுவழியில் அச்சுவரை சேற்றில் இறங்கிற்று. ஆஸ்பத்திரியை அடைந்தபோது பிள்ளையின் அசைவு நின்றுவிட்டிருந்தது. அவள் மறுபடி கருவுற்றபோது, இம்முறையும் பிரசவம் மழைக்காலத்தில்தான் என்று தெரிந்தது. பிறந்த வீட்டுக்கு அனுப்பலாம் என்றால் அவளுக்குத் தாயில்லை; தாய் போன பிறகு அந்த வீடும் இல்லை. ஆகவே மழை பிடிப்பதற்குள் புதரை வெட்டி, கொல்லைப்புறத்திலிருந்து சாலைவரை ஒரு வண்டிப்பாதை எடுத்துவிடுவது என்று தீர்மானித்தேன். வேறு வழி எங்களுக்கு இருக்கவில்லை.

புரட்டாசியில் வேலை தொடங்கியது. வெட்ட வந்தவர் பக்கத்துத் தெரு வண்டிக்காரர். சென்ற முறை சேற்றில் இறங்கிய வண்டி அவருடையதே. அந்த வருத்தம் அவருக்குள் இருந்தது. கூப்பிட்ட உடனே அரிவாளோடு வந்து நின்றார். பாதி தூரம் வெட்டியிருப்பார். இரும்பு எதன்மீதோ மோதிய ஒலி கேட்டது. சிறிது நேரத்தில் அவர் வெளியே வந்தார். கிணற்றடியில் அரிவாளைக் கழுவினார். பின் தம் காலையும் கழுவினார்.

“அண்ணே, உள்ள ஒரு கல்லு நிக்குது.”

“கல்லா? இங்கேயா?”

“ஆமாங்கிறேன். நெஞ்சு ஒசரம். தாழை அதைக் கட்டிப் புடிச்சுக்கிட்டு இருக்கு. சாமிக் கல்லா, சாவுக் கல்லான்னு தெரியாம மேக்கொண்டு நான் அருவா போட மாட்டேன். கோவிச்சுக்காதீங்க.”

நான் உள்ளே சென்று பார்த்தேன். கருங்கல். நான்கு பட்டையாகச் செதுக்கிய தூண்போல நின்றது. தலைப்பக்கம் வழவழப்பாகவும், இடுப்புக்குக் கீழே கரடுமுரடாகவும் இருந்தது. யாரோ பேசுவதைக் காது கொடுத்துக் கேட்பவர்போல ஒரு பக்கமாகச் சற்றே சாய்ந்திருந்தது. உச்சியில் கூட்டல் குறிபோல் இரண்டு வெட்டுக் கோடுகள். வெட்டிய இடைவெளி வழியாக வெயில் அதன்மீது நன்றாக விழுந்துகொண்டிருந்தது. ஆயினும் கை வைத்தபோது, கிணற்றின் உள்சுவரைத் தொட்டாற்போலக் குளிர்ந்திருந்தது. அதன் அருகே ஓர் ஆள் நடக்கும் அகலத்துக்குத் தரை பள்ளமாக ஓடியது. பள்ளத்தில் முள் இல்லை; வேர்கூட இல்லை. அத்தனை புதரும் அந்த ஒற்றையடித் தடத்துக்கு ஒதுங்கி வழிவிட்டு வளர்ந்திருந்தது.

அக்கா எனக்குப் பின்னால் வந்து, எட்டவே நின்று பார்த்தாள்.

“இது சுமைதாங்கிக் காலுடா” என்றாள்.

சுமைதாங்கியை அறியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. கருவுற்ற பெண் பிள்ளை பெறாமலே இறந்துவிட்டால், அவள் வயிற்றுச் சுமை இறங்கவில்லை என்று எங்கள் பக்கத்தில் கருதுவார்கள். அவள் பொருட்டு வழியோரத்தில் இரண்டு கற்களை நட்டு, மேலே ஒரு நீளக்கல்லைக் குறுக்கே கிடத்துவார்கள். தலைச்சுமையோடு வருகிறவர்கள் பிறர் துணையின்றி அதன்மேல் சுமையைச் சரித்து வைத்து இளைப்பாறலாம். வழிப்போக்கர் ஒவ்வொருவரும் இறக்கி வைக்கும்போது, இறந்தவளின் சுமையும் சிறிது இறங்கும்.

“ஒத்தக் காலு நிக்குது. இன்னொரு காலும் மேக்கல்லும் எங்க போச்சு? விழுந்துபோச்சுன்னா, அவ இன்னும் தூக்கிக்கிட்டேதான் நிக்கிறான்னு அர்த்தம்.”

“மெதுவாப் பேசுக்கா.”

“நான் என்னடா சத்தமாப் பேசிட்டேன்? உள்ளதைத்தானே சொன்னேன்.”

என் மனைவி எங்களுக்குப் பின்னால் வந்து நின்றிருந்ததை அப்போதுதான் இருவரும் கண்டோம். அவள் ஒரு கையை வயிற்றின்மேல் வைத்திருந்தாள். கல்லைப் பார்த்தாள், தடத்தைப் பார்த்தாள், வீட்டுக்குள் திரும்பிவிட்டாள்.

மறுநாள் காலை நான் தனியே சென்று கல்லைத் தடவிப் பார்த்தேன். அச்சுக் கோப்பவனுக்கு விரல் நுனியிலும் கொஞ்சம் பார்வை உண்டு. ஒரு முகத்தில், பாசிக்கு அடியில், ஒரு குழிவு தட்டுப்பட்டது. நெடுங்கோடு ஒன்று, அதிலிருந்து வலப்புறமாக இரண்டு குறுங்கோடுகள். எஃப் என்னும் எழுத்து. எதிர் முகத்திலும் ஏதோ இருந்து தேய்ந்திருந்தது. அது எனக்குப் பிடிபடவில்லை. முன்னாளில் பிரெஞ்சுக்காரர் ஆண்ட மண்ணும் ஆங்கிலேயர் ஆண்ட மண்ணும் முட்டிக்கொண்ட இடம் எங்கள் ஊரின் ஓரம்தான். ஆகவே இது எல்லைக்கல் என்று முடிவு செய்து, வெற்றி பெற்றவனாக வீட்டுக்குள் வந்து அறிவித்தேன்.

அக்கா முறத்திலிருந்து தலையை நிமிர்த்தவில்லை.

“எழுத்து இருந்தா என்னடா? செத்தவ பேரோட மொத எழுத்தா இருக்கும். மேல சிலுவை வேற போட்டிருக்கு. வேதக்காரப் பொண்ணா இருக்கும்.”

“வேதக்காரங்க சுமைதாங்கி வைப்பாங்களாக்கா?”

“வயித்துப் புள்ளையோட செத்துட்டா வேதக்காரி என்ன, நம்மாளு என்ன? எல்லாருக்கும் கனம் ஒண்ணுதான்.”

மனைவி அடுப்படியிலிருந்து பேசினாள். அவள் குரல் உயரவில்லை.

“நீங்க எல்லைக்கல்லுங்கறீங்க. அண்ணி சுமைதாங்கிங்கறாங்க. தெரிஞ்சவங்க யாரையாவது கூட்டிட்டு வந்து பாக்கச் சொல்லுங்க. அது என்னன்னு தெரியாம அந்த வழியா நான் புள்ளை பெறப் போக மாட்டேங்க. வரப்புலயே போயிக்கிறேன்.”

வரப்பு வழி என்றால் என்ன என்பது எங்கள் மூவருக்கும் தெரியும். வண்டிக்காரரும் அரிவாளைத் தொட மறுத்தார். பாதி வெட்டிய பாதை புதருக்குள் வாய் திறந்தபடி நின்றது. வானத்தில் வடக்கே மேகம் திரளத் தொடங்கியிருந்தது.

அதற்குப் பிறகுதான் அவள் அந்த ஓசையைப் பற்றிச் சொன்னாள்.

விளக்கேற்றும் வேளையில் அவள் கொல்லைக் கதவருகே அசையாமல் நின்றிருந்தாள். என்னவென்று கேட்டேன்.

“நடக்கற சத்தம் கேக்குதுங்க.”

“தாழை மட்டை காத்துல உரசுது.”

“நான் சின்னப்புள்ளையிலேர்ந்து நெல்லுக்கட்டு சுமந்தவங்க. சும்மா நடக்கற காலு எது, சுமையோட நடக்கற காலு எதுன்னு எனக்குத் தெரியும். குதிகாலை அழுத்தி அழுத்தி வருது. கல்லுகிட்ட வந்து நிக்குது. அப்புறம் திரும்பிப் போயிடுது. இறக்கி வைக்கற சத்தம் மட்டும் வரவே மாட்டேங்குது.”

நான் அவள் அருகில் நின்று உற்றுக் கேட்டேன். தாழை மட்டைகள் ஒன்றோடொன்று உரசும் ஒலி. தொலைவில் அலையின் இரைச்சல். அதற்குமேல் ஒன்றும் எனக்குக் கேட்கவில்லை. ஆனால் கொல்லையில் படுத்திருந்த எங்கள் பசு, அசை போடுவதை நிறுத்தி, காதை அத்திசை நோக்கி விறைத்து வைத்திருந்தது. சற்று நேரம் கழித்து மறுபடி அசை போடத் தொடங்கியது. அதே கணத்தில் என் மனைவியும், “போயிட்டாங்க” என்றாள்.

போயிடுச்சு என்று அவள் சொல்லவில்லை. போயிட்டாங்க என்றாள்.

தூறல் விழுந்த ஒரு காலையில் அந்தத் தடத்தின் ஈர மணலில் சில குழிவுகளைப் பார்த்தேன். குதிகால் அளவில் வட்டமாக, ஆழமாக, ஒன்றன்பின் ஒன்றாகக் கல்வரை வந்து, அங்கே கலைந்து, திரும்பிச் சென்றன. விரல் பதிவுகள் இல்லை. மேலிருந்து சொட்டிய நீர் பறித்த குழிகளாகவும் இருக்கலாம். காலடி என்று துணியவும் இயலவில்லை. அல்ல என்று ஒதுக்கவும் இயலவில்லை. என் காலால் அவற்றை மெல்ல அழித்துவிட்டு வந்தேன். மனைவி ஒழுங்காகச் சாப்பிடுவதை நிறுத்தியிருந்தாள். முகம் நாளுக்கு நாள் ஒடுங்கிக்கொண்டே வந்தது.

நகரத்தில் ஒரு முதியவர் இருந்தார். கிறிஸ்தவர்; பிரெஞ்சுக்காரர் காலத்தில் நிலம் அளக்கும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அக்காலத்து நில அளவைப் பதிவுக்குக் கதாஸ்தர் என்று பெயர். இன்றும் எங்கள் பத்திரங்களில் அச்சொல் வரும். ஊரில் அவரையும் கதாஸ்தர்காரர் என்றே அழைப்பார்கள். தம் பேத்தியின் திருமண அழைப்பிதழ் அச்சடிக்க எங்கள் அச்சகத்துக்கு வந்தவரிடம், பிழை திருத்தும் தாளை நீட்டியபடி கல்லைப் பற்றிச் சொன்னேன். அவர் தாளை மேசைமேல் வைத்துவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

“எஃப்பா? நல்லாப் பாத்தீங்களா தம்பி?”

“தொட்டுப் பார்த்தேன் ஐயா.”

“அந்த எல்லை வரிசையில உள்ள கல்லு எல்லாம் எனக்குத் தெரியுமே. பூவத்துப் பக்கம் ஒண்ணு காணாமப் போனது, நான் வேலைக்குச் சேர்றதுக்கு முந்தியே. பெரியவங்க தேடிச் சலிச்சுட்டாங்க. நாளைக்கே வர்றேன்.”

குடையும் ஒரு கித்தான் பையுமாகப் பேருந்தில் வந்து இறங்கினார். உணவு உண்ணச் சொன்னோம். மறுத்துவிட்டு நேரே புதருக்குள் சென்றார். வண்டிக்காரரும் வந்துவிட்டார். அக்கா வேலியோரம் நின்றுகொண்டாள். மனைவி கொல்லைக் கதவில் சாய்ந்து நின்றாள். அங்கிருந்து எல்லாம் கேட்கும்.

முதியவர் பையிலிருந்து சுண்ணாம்புப் பொடியை எடுத்துக் கல்லின் முகத்தில் தேய்த்தார். எழுத்து வெள்ளையாக எழுந்து வந்தது.

“எல்லைக்கல்லுதான். சந்தேகமே இல்ல. மேல இருக்கறது சிலுவை இல்லம்மா” என்று அக்காவைப் பார்த்துச் சொன்னார். “அளக்கறப்ப குண்டுநூல் தொங்கவிட்டுப் புடிக்கற எடம். அந்தக் கோடு சந்திக்கற புள்ளியிலதான் ரெண்டு ராஜ்யமும் சந்திக்கணும்.”

என் நெஞ்சிலிருந்த பாரம் நீங்கியது. திரும்பி மனைவியைப் பார்த்தேன். அவள் முகம் மாறவில்லை.

முதியவர் அத்துடன் நிற்கவில்லை. வாய்க்கால் கரையில் பாதி புதைந்திருந்த அடுத்த கல்லைத் தாமே தேடிக் கண்டுபிடித்தார். அதற்கடுத்தது எதிர்ப்புறத்தில் ஒரு பனையடியில் நின்றது. என்னைக் குடையை விரித்து நம் கல்லின்மேல் உயர்த்திப் பிடிக்கச் சொன்னார். வாய்க்கால் கல்லருகே குந்தியபடி, பனையைப் பார்த்தார், குடையைப் பார்த்தார், மறுபடி பனையைப் பார்த்தார். எழுந்து வந்தபோது அவர் நடையில் முன்னிருந்த துடிப்பு இல்லை.

“கோட்டுல இல்ல தம்பி. ஒரு வண்டி திரும்பற அளவுக்கு விலகி நிக்குது.”

“மண் நகர்ந்திருக்குமோ ஐயா?”

“மண்ணு நகரும். கல்லு சேந்து நடந்து வருமா?” அவர் குனிந்து, கல்லின் கீழ்ப்பாதியைக் கையால் தடவினார். தடவிய கையைச் சட்டென எடுத்தார். “மாதாவே... இதைப் பாருங்க. மேல வழவழன்னு செதுக்கியிருக்கு. கீழ கரடுமுரடா விட்டிருக்கு. செதுக்காத பாதி மண்ணுக்குள்ள இருக்கணும். அதுக்காகத்தான் செதுக்காம விட்டது. மண்ணுக்குள்ள இருக்க வேண்டியது வெளியில நிக்குது.”

தாழம்புதருக்குள் ஒரு பறவை சிறகடித்து அடங்கியது.

“யாரோ புடுங்கி எடுத்துட்டு வந்து, ஆழமில்லாம நட்டிருக்காங்க. நிலத்துக்கு ஆசைப்பட்டவன் கல்லை நகத்துவான், அது நடக்கறதுதான். ஆனா இந்த முள்ளுக்காட்டுல நகத்தி யாருக்கு என்ன லாபம்? அந்தக் காலத்துல எல்லைக்கல்லைத் தொட்டா ஜெயிலு. எதுக்காக இவ்வளவு துணிஞ்சான்னு எனக்குப் புரியல.”

கதவருகே நின்றிருந்த என் மனைவி மெல்ல நடந்து வந்தாள். அந்தக் கல்லுக்கு அவ்வளவு அருகில் அவள் வந்தது அதுவே முதல் முறை.

“ஜோடி இல்லாமத்தாங்க” என்றாள்.

முதியவர் அவளைப் பார்த்தார்.

“இந்த ஊருல கல்லு கிடைக்குதுங்களா? இல்லாதவங்களா இருந்திருப்பாங்க. ஒரு காலுக்கும் மேக்கல்லுக்கும் எங்கேயோ வழி பண்ணியிருக்காங்க. இன்னொரு காலுக்கு வழியில்ல. இது சும்மா நின்னுக்கிட்டுத்தானே இருக்குன்னு எடுத்திருக்காங்க. கைக்கெட்டற தூரத்துல தோண்டிப் பாருங்க.”

வண்டிக்காரர் என்னைப் பார்த்தார்; நான் முதியவரைப் பார்த்தேன். முதியவர் தலையசைத்தார். தடத்தின் ஓரமாக, கல்லுக்கு நேராக மண்வெட்டி இறங்கியது. முதலில் தாழை வேர் வந்தது. பிறகு மண்வெட்டி கணீரென்றது. சாய்ந்து புதைந்திருந்த ஒரு குட்டைக்கல், செதுக்காதது. அதன் பக்கத்தில் குப்புறக் கிடந்த நீளக்கல். அதைப் புரட்டியபோது அடியில் மண்ணின் நிறம் கறுத்து, ஈரமாக, ஒரு படுத்த உருவின் அளவுக்குக் குழிந்திருந்தது. நீளக்கல்லின் இருபுறமும் நான் தடவிப் பார்த்தேன். பெயர் இல்லை, குறி இல்லை. அந்தப் பெண்ணுக்கு மிஞ்சியிருந்த எழுத்து, போய்விட்ட ஓர் அரசாங்கத்தின் எழுத்து ஒன்றுதான்.

நான் சொன்னதும் சரியாக இருந்தது. அக்கா சொன்னதும் சரியாக இருந்தது. அவ்வாறு இரண்டும் சரியாக இருந்ததுதான் எங்களை அதிகம் நடுங்கச் செய்தது.

“மூடிடுங்கடா” என்றாள் அக்கா. அவள் குரலில் வழக்கமான வெட்டு இல்லை. “பூசாரியைக் கூட்டிட்டு வந்து கழிச்சுட்டு, மூடிடுங்க. மாசமா இருக்கற புள்ளை நிக்கற எடமா இது?”

“மூடினா எப்படி அண்ணி? அவங்க வந்து வந்து திரும்பிப் போறாங்க. எடம் பண்ணிக் குடுங்க, வச்சுட்டுப் போகட்டும்.” பிறகு முதியவரிடம் திரும்பினாள். “ஐயா, இது கவர்மெண்டுக் கல்லு. நீங்க எழுதிப் போட்டீங்கன்னா வந்து புடுங்கிட்டுப் போய் அந்தக் கோட்டுல நட்டுடுவாங்க. மறுபடி ஒத்தக் காலு ஆயிடும்.”

வாழ்நாள் முழுவதும் கோட்டைக் காத்தவர் அவர். காணாமற்போன கல்லைக் கண்டுபிடித்த பெருமை ஓய்வு பெற்ற பிறகு அவர் கைக்கு வந்திருந்தது. சுண்ணாம்பு படிந்த விரலைக் கைக்குட்டையில் துடைத்துக்கொண்டே இருந்தார்.

“கோடு காகிதத்துல பத்திரமா இருக்கும்மா” என்றார் கடைசியில். “கதாஸ்தர்ல இருக்கறதை யாரும் அழிக்க முடியாது. கல்லு இங்கேயே இருந்துட்டுப் போகட்டும். நான் இந்தப் பக்கம் வரவே இல்ல.” பிறகு வண்டிக்காரரிடம், “என்ன பாத்துக்கிட்டு நிக்கிறே? நாலு கை சேந்தாத்தான் தூக்க முடியும், புடி” என்று அதட்டிவிட்டு, சட்டைக் கையை மடித்தார்.

“ஐயா, வயசான காலத்துல இடுப்பு புடிச்சுக்கும். அப்புறம் பேத்தி கல்யாணத்துல ஒக்காந்தேதான் வாழ்த்தணும்” என்றார் வண்டிக்காரர்.

“ஒன் வண்டி மாடு மாதிரி நானும் நின்னுக்கிட்டே தூங்குவேன். புடிடா.”

அன்று நாங்கள் சிரித்தது அந்த ஒருமுறைதான். குட்டைக்கல்லை நிமிர்த்தி, சுற்றிலும் மண்ணை இடித்து இறுக்கினோம். எல்லைக்கல்லின் சாய்வைச் சரிசெய்து, இரண்டும் ஒரே உயரம் வருமாறு அதைச் சற்றே மண்ணுக்குள் இறக்கினோம். நீளக்கல்லை மேலே ஏற்றியபோது, கூட்டல் குறி அதன் அடியில் மறைந்தது. மனைவி, வெட்டிப் போட்டிருந்த கருவைச் சுள்ளிகளை ஒரு சிறு கட்டாகக் கட்டித் தலையில் வைத்துக்கொண்டாள். அக்கா கையைப் பிடித்துத் தடுத்தாள், அவள் விலக்கிவிட்டாள். சுமைதாங்கியின் முன் நின்று, கட்டைச் சரித்து வைத்தாள்.

“இப்படித்தாங்க. வாங்க, வந்து வைங்க” என்றாள். அவள் பார்த்த திசையில் தடமும் தாழையும் தவிர வேறெதுவும் இல்லை.

முதியவர் இருட்டுமுன் புறப்பட்டுவிட்டார். தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார். வண்டிக்காரர் மறுநாளே மீதிப் பாதையை வெட்டி முடித்தார். அதன் பிறகு மனைவி வேளைக்குச் சாப்பிட்டாள். ஓசை கேட்கிறதா என்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. ஆனால் விளக்கேற்றும் வேளையில் கதவருகே நிற்பதை அவள் விடவில்லை. யாரையோ எதிர்பார்த்து நிற்பவள் போலவே இருந்தாள்.

கார்த்திகையில் மழை ஊற்றிக்கொண்டிருந்த ஓர் அந்தியில் வலி கண்டது. வரப்புப் பாதை இருந்த இடம் தெரியாமல் நீரில் மூழ்கியிருந்தது. வண்டிக்காரர் கொல்லைப்புறமாக வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினார். சாலையில் டாக்சிக்குச் சொல்லியாயிற்று. கூண்டு வண்டிக்குள் அக்காவின் மடியில் மனைவி சாய்ந்திருக்க, நான் அரிக்கேன் விளக்கோடு முன்னே நடந்தேன். மழையில் தாழம்பூ வாசம் மூச்சை அடைத்தது. சுமைதாங்கி அருகே வந்ததும், “நிறுத்துங்க” என்றாள் மனைவி.

“பைத்தியமா புடிச்சிருக்கு? நிறுத்தாதே, ஓட்டுப்பா” என்றாள் அக்கா.

“ஒரு நிமிஷம் அண்ணி. இறக்கி விடுங்க.”

நாங்கள் தடுத்துப் பயனில்லை. அவளைத் தாங்கி இறக்கினோம். நீளக்கல்லின்மேல் இரு கைகளையும் ஊன்றி, நெற்றியை அதில் சாய்த்தாள். வலி வந்து, ஏறி, அவளை உலுக்கி, மெல்ல வடிந்தது. நெல்லுக்கட்டை இறக்கி வைத்தவள்போல அவள் நீண்ட பெருமூச்சு விட்டாள்.

அதைத் தொடர்ந்து, கல்லின் மறுபுறத்திலிருந்து, இன்னொரு பெருமூச்சு வந்தது.

மாடு மூச்சு விட்டிருக்கும் என்று இதைப் படிப்பவர் சொல்லலாம். மாட்டின் மூச்சை அறியாத ஊரில் நான் பிறக்கவில்லை. அது நெடுநாள் அடக்கி வைத்திருந்த மூச்சு. விடும்போதே குரலாகச் சற்று உடைந்தது. என் கையிலிருந்த விளக்கின் சுடர் ஒருமுறை தாழ்ந்து நிமிர்ந்தது. வண்டிக்காரர் வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவருக்கும் கேட்டிருக்க வேண்டும். பிறகு எந்நாளும் அவர் அதைப் பற்றிப் பேசியதில்லை.

அக்காதான் முதலில் வாய் திறந்தாள்.

“ரெண்டு பேரும் வச்சாச்சு. ஏறும்மா. வண்டியை ஓட்டுப்பா.”

பெண் குழந்தை பிறந்தது. பிறந்ததும் அழுதது. அந்த அழுகையைக் கேட்ட பிறகுதான், ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில், இரண்டு ஆண்டாக நான் மூச்சைப் பிடித்துக்கொண்டே திரிந்திருக்கிறேன் என்பது எனக்கு விளங்கியது.

வீடு திரும்பியது மார்கழிப் பனியில். இலைகளெல்லாம் நனைந்து சொட்டிக்கொண்டிருந்த காலை. வண்டி சுமைதாங்கியை நெருங்கியபோது, நிறுத்தச் சொல்வாள் என்று எங்கள் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அவள் இறங்கினாள். துணியில் சுற்றிய பிள்ளையை நீளக்கல்லின்மேல் கிடத்தினாள். கையை முழுவதும் எடுக்கவில்லை. மேலே ஒரு விரலை மட்டும் வைத்திருந்தாள்.

“அடியே, என்ன காரியம் பண்றே!” என்று அக்கா பதறினாள்.

“அவங்களும் ஒரு தடவை வாங்கிப் பாக்கட்டும் அண்ணி.”

மூச்சு விட்டு வாங்கும் நேரம்தான். பின் பிள்ளையை வாரி அணைத்துக்கொண்டு வண்டியில் ஏறிவிட்டாள். நான் பின்தங்கினேன். உச்சி வெயிலிலும் குளிர்ந்திருந்த அந்தக் கல்லை, ஏனென்று சொல்லத் தெரியவில்லை, கை நீட்டித் தொட்டேன். பிள்ளை கிடந்த இடம் வெதுவெதுப்பாக இருந்தது. அது இயல்பே. கையை நகர்த்தினேன். நீளக்கல்லின் ஒரு முனை முதல் மறுமுனை வரை, எழுத்துள்ள காலிலும், செதுக்காத அதன் கீழ்ப்பாதியிலும், மண்ணைத் தொடும் இடம் வரைக்கும், அதே வெதுவெதுப்பு இருந்தது.